நம்பர் பார்த்த சாட்சி

வியாழக்கிழமை காலை மணி பதினொன்றே கால். மாலை நான்கு மணிக்கு ஜெரோமைப் பொன்னேரி மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தப் போகிறார்கள்.

"அதுக்குள்ள ஏதாவது கொண்டாந்தீங்கன்னா பார்க்கலாம் மேடம். இல்லைன்னா என் கையில ஒண்ணும் இல்ல" என்றார் சப் இன்ஸ்பெக்டர் மூர்த்தி. குரலில் விரோதம் இல்லை. முடிந்துபோன வேலையைப் பற்றிப் பேசும் அசதிதான் இருந்தது.

ஜமுனா ஸ்டேஷன் வாசலில் நின்றிருந்த வண்டியைப் பார்த்தாள். ஊரெல்லாம் குட்டி யானை என்று சொல்லும் சின்னச் சுமை வண்டி. மீன் ஏற்றி ஏற்றி உப்பில் வெளுத்த வெள்ளை. முன்பக்கம் மஞ்சள் நம்பர் பலகை, அதன் இடது ஓரத்தில் விரல் நகம் அளவுக்கு ஒரு நீலச் சிலுவை ஸ்டிக்கர். பம்பரில் நசுங்கல்கள்.

"இடது பக்கம் பூரா அடி வாங்கியிருக்கு பாருங்க" என்றார் மூர்த்தி.

"வலது பக்கமும் வாங்கியிருக்கு சார். மேல, கீழகூட வாங்கியிருக்கு" என்றார் பூபதி. "மீன் வண்டில நசுங்காத எடம்னா அது ஹாரன் சத்தம் மட்டும்தான்."

பூபதி அரசு பஸ்ஸில் முப்பது வருஷம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜமுனாவின் பழைய காரை ஓட்டுகிறார், அவள் கேட்காத கேள்விகளைக் கேட்கிறார், வாயை மூட மட்டும் தெரியாது. ஜமுனா ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் இருபத்திரண்டு ஆண்டுகள் விபத்துகளை விசாரித்தவள். இழப்பீட்டை மறுக்கக் காரணம் கண்டுபிடிப்பதுதான் அங்கே அவளுடைய வேலை. அதை விட்ட பிறகு ஒரு வார இதழில் 'வண்டி வைத்திருப்போருக்கு' என்று ஒரு பக்கம் எழுதுகிறாள். வண்டியை விற்றால் உடனே பெயர் மாற்றுங்கள், இன்சூரன்ஸ் முடியும் தேதியைச் சுவரில் எழுதி வையுங்கள் என்பது போன்ற விஷயங்கள். அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் நேற்று ஜெஸ்ஸி அவளைத் தேடி வந்தாள். ஜெரோமின் மனைவி. இப்போது ஸ்டேஷன் மதில் ஓரமாக, முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு நிற்கிறாள்.

"மறுபடி ஒருதடவை சொல்லுங்க சார்" என்றாள் ஜமுனா.

மூர்த்தி ஃபைலைப் புரட்டினார். "செவ்வாய்க்கிழமை காலை ஆறேகால். காட்டூர் பிரிவுகிட்ட திரௌபதின்னு ஒரு அம்மா நடவு வேலைக்கு ரோட்டைத் தாண்டுது. பழவேற்காட்டுலேருந்து பொன்னேரி போற மீன் வண்டி இடிச்சுட்டு நிக்காம போயிடுது. பின்னாடியே கார்ல வந்த கேசவன் நம்பரைப் பார்த்துட்டு வந்து புகார் கொடுத்திருக்காரு. காட்டூர்ல பெரிய விவசாயி, ஊர்ல மரியாதையான மனுஷன். என்னா கண்ணு மேடம் அவருக்கு! நம்பர் பக்கத்துல இருந்த சிலுவை ஸ்டிக்கரைக்கூட விடாம சொல்லியிருக்காரு."

"ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது அவரா?"

"இல்ல. யாரோ ஒரு லேடி. 108-ல பேர் கேட்டிருக்காங்க. உதவி பண்றவங்க பேர் சொல்லணும்னு கட்டாயம் இல்லைன்னு சட்டம் பேசிட்டு வெச்சிடுச்சாம்."

ஜமுனா நிமிர்ந்தாள். மூன்று வாரங்களுக்கு முன் அவள் எழுதிய வரி அது. சொல் மாறாமல் அப்படியே.

"அந்த அம்மாவுக்கு இப்ப எப்படி இருக்கு?"

"சென்னை ஜி.எச்.ல. இன்னும் நினைவு வரல. வராமலே போச்சுன்னா கேஸே வேற மாதிரி ஆயிடும். ஜெரோமுக்கு வர்ற திங்கட்கிழமை துறைமுகத்துல ட்ரெய்லர் வேலை வேற கிடைச்சிருக்காம். லைசென்ஸே இருக்காது, அப்புறம் எங்க ட்ரெய்லர்."

உள்ளே பெஞ்சில் ஜெரோம் உட்கார்ந்திருந்தான். முப்பது வயது இருக்கும். தோள்கள் அகலம், பார்வை தரையில்.

"நான்தான் ஓட்டினேன் மேடம். ஆனா இடிக்கல."

"அப்ப யார் இடிச்சது?"

"தெரியாது. எனக்கு லைசென்ஸ் இருக்கு. வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கு. எது வந்தாலும் என் பேர்லயே இருக்கட்டும்."

"உன் பொண்டாட்டி வெளிய நிக்குது."

அவன் சட்டென்று தலை தூக்கினான். "அத வீட்டுக்குப் போகச் சொல்லுங்க. இங்க இன்னா வேலை அதுக்கு?"

ஜமுனா வெளியே வந்தாள். லைசென்ஸ் பற்றி அவள் கேட்கவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் அவள் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: மனிதர்கள் கேட்ட கேள்விக்குப் பொய் சொல்வார்கள், கேட்காத கேள்விக்கு உண்மையைச் சொல்லிவிடுவார்கள். தனக்கு லைசென்ஸ் இருக்கிறது என்று ஒருவன் தானாகச் சொன்னால், லைசென்ஸ் இல்லாத வேறொருவர் அவன் மனதில் இருக்கிறார்.

"வண்டியை எடுங்க பூபதி. பழவேற்காடு போகலாம். ஜெஸ்ஸி, நீயும் ஏறும்மா."

வழி நெடுக ஜெஸ்ஸி ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள். காட்டூர்ப் பிரிவு வந்தபோது மட்டும் கண்களை மூடிக்கொண்டாள். கண்ணாடியில் ஜமுனா அதைப் பார்த்தாள். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"மேடம் எழுதுறதெல்லாம் விடாம படிப்பியாம்மா?" என்றார் பூபதி.

"வெட்டி வெச்சிருக்கேன் சார். நோட்டுல ஒட்டி."

"கெட்டுது போ. நான் ஒருவாட்டி படிச்சேன். அதுல சொன்னதெல்லாம் கடைப்பிடிச்சா வண்டியை ஷெட்லயிருந்து வெளியவே எடுக்க முடியாது."

ஜெஸ்ஸி சிரிக்கவில்லை.

ஏரிக்கரையில் மீன் இறங்கும் இடத்தில் படகுகள் வரிசையாகக் கிடந்தன. நான்கைந்து மீன் வண்டிகள் ஐஸ் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தன. நண்டுக் கூடை முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு நடுவயதுப் பெண் ஜெஸ்ஸியைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

"இன்னாச்சுடி? வுட்டானுங்களா?"

"இல்ல தேவகிக்கா."

"இது யாரு, வக்கீலம்மாவா? நல்லா கேளும்மா நீயாவது. செவ்வாக்கெழமை அவனுக்குப் பாடு. பாடு நாள்ல ஏரியில வலை கட்டிக்கினு நின்னவன் எப்டிம்மா ரோட்ல போய் ஆளை இடிப்பான்?"

"தேவகிக்கா, சும்மா இரேன்!" ஜெஸ்ஸி அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"பாடுன்னா?" என்றார் பூபதி.

"மொறை சார். ஏரியில எறா கெடைக்கிற எடம் கொஞ்சம்தான். எல்லாரும் ஒரே நாள்ல எறங்கினா எவனுக்கும் ஒண்ணும் தேறாது. அதுக்குத்தான் ஊர்ல குலுக்கிப் போட்டு ஆளுக்கு ஒரு நாள். அத வுட்டா அடுத்த சுத்து வர்ற வரைக்கும் கரையில ஒக்காந்து காத்து வாங்க வேண்டியதுதான். காய்ச்சல்னாகூட எவனும் வுட மாட்டான். விடியறதுக்கு முன்னாடி போன ஜெரோமு பத்து மணிக்குத்தான் கரை ஏறினான். என் கண்ணால பார்த்தேன்."

"போலீஸ்ல சொன்னீங்களா?"

"எவன் கேட்டான்? அவனே நான்தான் ஓட்டினேன்னு சொல்லிக்கினு இருக்கான். நாங்க போய் இல்லைன்னா, அவன் பொய் சொல்றான்னு நாங்களே காட்டிக் கொடுத்தாப்ல ஆவாதா?"

ஜமுனா ஜெஸ்ஸியைப் பார்த்தாள். ஜெஸ்ஸி ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் தகரம் மாதிரி அசையாமல் கிடந்தது.

"உன் வீடு எங்கம்மா?"

இரண்டு தெரு தள்ளி ஓட்டு வீடு. உள்ளே போனதும் ஜமுனா நாற்காலியில் உட்காராமல் சுவரோரம் தரையில் அமர்ந்தாள். எதிரே நிற்பவரை உட்கார வைக்க வேறு வழி இல்லை. கொஞ்ச நேரத்தில் ஜெஸ்ஸியும் உட்கார்ந்தாள்.

"எல்.எல்.ஆர். எப்ப வாங்கின?"

பக்கத்து வீட்டில் குக்கர் சத்தம் போட்டது.

"ரெண்டு மாசம் ஆவுது."

பூபதி கதவுக்கு வெளியே நகர்ந்து நின்றுகொண்டார். அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்தது அன்றைக்கு அதுதான் முதல் தடவை.

"முந்தின நாள் வாங்கின மடவை மீன் ஐஸ்ல இருந்துச்சு மேடம். காலைல பொன்னேரிக்குப் போயே ஆவணும். அவருக்குப் பாடு. மெதுவா நானே ஓட்டிக்கினு போறேன்னு நான்தான் சொன்னேன். எனக்கு நல்லா ஓட்ட வரும். காட்டூர் பிரிவுக்கு முன்னாடி தூரத்துல ஒரு கார் நின்னுச்சு. ஒரு ஆளு எறங்கி இந்தப் பக்கமா பார்த்துக்கினு நின்னாரு. அப்புறம்தான் ரோட்டோரம் அந்தம்மா கெடந்தது தெரிஞ்சுது. நான் வண்டிய கிட்ட கொண்டாந்து நிறுத்தி ஓடினேன். அதுக்குள்ள அந்தாளு கார எடுத்துக்கினு போயிட்டாரு. பயந்துட்டாரு போலன்னு நெனச்சேன்."

"நீ என்ன பண்ணின?"

"நீங்க எழுதினதுதான். அசைக்கல. ரத்தம் வந்த எடத்துல துணி வெச்சு அமுத்திப் பிடிச்சேன். 108-க்கு அடிச்சேன். ஒரு பைக்குக்காரன் வந்தான், மெதுவாக்கிப் பார்த்துட்டுப் போயிட்டான். ஆம்புலன்ஸ் சத்தம் கிட்ட கேட்டதும் கெளம்பிட்டேன். லைசென்ஸ் இல்லாம பொம்பள ஒருத்தி வண்டியோட நிக்கிறா, கீழ ஒரு ஆள் அடிபட்டுக் கெடக்குது. யாரு நம்புவாங்க மேடம்?"

"ஜெரோம் ஏன் ஒத்துக்கிட்டான்?"

ஜெஸ்ஸி எழுந்து அலமாரியிலிருந்து ஒரு நோட்டை எடுத்து வந்தாள். ஒட்டப்பட்ட காகிதத் துண்டு. பழகுநர் உரிமம் வைத்திருப்பவர் பக்கத்தில் உரிமம் உள்ளவர் இல்லாமல் ஓட்டி விபத்து நடந்தால், இழப்பீடு கிடைப்பதில் பெரும் சிக்கல் வரும். ஜமுனாவின் வரி. கீழே பேனாவால் கோடு போட்டிருந்தது.

"அந்தம்மாவுக்கும் ஒண்ணும் கெடைக்காது, நீயும் உள்ள போவே, நான் ஓட்டினேன்னா ரெண்டும் சரியாயிடும்னாரு."

ஜமுனா நோட்டை மூடினாள். கம்பெனியில் இருந்தபோது இதே விதியை வைத்து எத்தனை மனுக்களில் 'நிராகரிக்கலாம்' என்று எழுதியிருப்பாள். அப்போது அது மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த காகிதம். சிக்கல் வரும் என்று எழுதியவள், அப்படி வந்தாலும் நீதிமன்றம் பெரும்பாலும் அடிபட்டவருக்கு முதலில் கொடுக்கச் சொல்லிவிட்டு, பிறகு வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள்ளச் சொல்லும் என்பதை எழுதவில்லை. இடம் போதவில்லை என்று நான்கு வரி வெட்டியது ஞாபகம் வந்தது. அந்த நான்கு வரி இல்லாததால் ஒருவன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான்.

"ஜெஸ்ஸி, நீ நிறுத்தினபோது வண்டியோட முன்பக்கம் அந்த ஆளைப் பார்த்து இருந்தது. இல்லையா?"

"ஆமா."

"அவர் உன் பின்னாடி எப்பவாவது வந்தாரா?"

"இல்லியே. அவரு முன்னாடி, நான் பின்னாடி."

ஜமுனா எழுந்து வாசலுக்கு வந்தாள். தெருவில் ஒரு மீன் வண்டி போய்க்கொண்டிருந்தது. பின்கதவு மூடாமல் சங்கிலியில் கீழே தொங்கியது. அதன் விளிம்பிலிருந்து ஐஸ் தண்ணீர் சாலையில் கோடு போட்டுக்கொண்டே போனது.

"பூபதி, அந்த வண்டியோட நம்பர் என்ன?"

பூபதி கண்ணைச் சுருக்கினார். "கதவு மறைக்குது மேடம். நாக்கைத் தொங்கப் போட்டுக்கினு போவுது, கழுதை."

"இங்க எல்லா வண்டியும் இப்படித்தானா?"

"மூடினா ஐஸ் தண்ணி உள்ளயே தேங்கும் மேடம்" என்றாள் ஜெஸ்ஸி பின்னாலிருந்து. "மீன் அதுல ஊறி வெளுத்துடும். பொன்னேரியில எவனும் தொட மாட்டான். அன்னிக்கும் தொங்கிக்கினுதான் இருந்துச்சு. இதுக்காவ போன மாசம் ஃபைன்கூடப் போட்டாங்க. நம்பர் பலகைய மறைச்சதுக்கு. போன்ல வந்துச்சு, படத்தோட. நீங்க எழுதினதெல்லாம் படிச்சுட்டு இதைப் போய் உங்ககிட்ட காட்ட வெக்கமா இருந்துச்சு."

"அதைக் காட்டு."

ஜமுனா கேட்டுக்கொண்டதால் மூர்த்தி சொல்லியனுப்ப, மூன்று மணிக்கு கேசவன் ஸ்டேஷனுக்கு வந்தார். வெள்ளை வேட்டி, மடிப்புக் கலையாத சட்டை. வந்தது ஒரு ஆட்டோவில். மூர்த்தி எழுந்து நாற்காலி போட்டார். ஜெஸ்ஸியை ஜமுனா பக்கத்து அறையில் உட்கார வைத்திருந்தாள். கதவு ஒருக்களித்திருந்தது.

"ஒண்ணு ரெண்டு சந்தேகம் சார்" என்றாள் ஜமுனா. "மீன் வண்டிக்கு எவ்வளவு தூரத்துல வந்தீங்க?"

"ஒரு முப்பது அடி இருக்கும்மா. பின்னாடியேதான்."

"முந்தினீங்களா?"

"இல்லவே இல்ல. அவன் இடிச்சான், நிக்காம பறந்துட்டான். பின்னாலயிருந்து நம்பரை மட்டும் மனசுல எழுதிக்கிட்டேன்."

"பின்கதவு மூடியிருந்துதா?"

"மூடியிருந்ததும்மா. பலகை பளிச்சுனு தெரிஞ்சுது."

"சிலுவை ஸ்டிக்கர்?"

"இடது ஓரத்துல. நீலக் கலரு." அவர் மூர்த்தியைப் பார்த்துச் சிரித்தார். "வயல்ல பூச்சி பார்க்கிற கண்ணுங்க."

ஜமுனா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து நிமிடமாகப் பேசுகிறார். அந்த அம்மாள் எப்படி இருக்கிறாள் என்று இன்னும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"வாங்க சார், வெளிய போய் ஒருதடவை பார்த்துடலாம்."

நான்கு பேரும் வண்டியின் பின்னால் போய் நின்றார்கள். ஸ்டேஷனில் யாரோ பின்கதவை மூடிக் கொக்கி போட்டிருந்தார்கள். பலகை தெரிந்தது. துரு, நம்பர், வேறு ஒன்றுமில்லை.

பூபதி குனிந்து தடவிப் பார்த்தார். "சிலுவையைக் காணோமே! ஒருவேளை நடந்தே முன்பக்கம் போயிடுச்சோ?"

மூர்த்தி விறுவிறுவென்று முன்பக்கம் போனார். அங்கே நின்றவர், திரும்பி வர நேரம் எடுத்துக்கொண்டார். ஜமுனா ஜெஸ்ஸியின் போனை அவரிடம் நீட்டினாள். போன மாத அபராதத்தின் படம். பின்கதவு தொங்குகிறது, நம்பர் பலகை இருக்கும் இடத்தில் வெறும் தகரம்.

"இவங்க மீன் ஏத்தினா கதவை மூட மாட்டாங்க சார். அது தப்புதான், அதுக்கு அபராதமும் கட்டியிருக்காங்க. ஆனா பின்னாலயிருந்து இந்த வண்டி நம்பரை யாராலயும் படிக்க முடியாது. முன்னாலயிருந்து பார்த்தவருக்குத்தான் நம்பரும் தெரியும், சிலுவையும் தெரியும்."

"நான்... அப்புறமா முந்திப் போனப்ப பார்த்திருப்பேன்" என்றார் கேசவன்.

"முந்தவே இல்லைன்னு இப்பதான் சொன்னீங்க."

"ஞாபகம் இல்லம்மா. பதட்டத்துல..."

"உங்க கார் எங்க சார்?" இது மூர்த்தி. குரலில் அசதி போய்விட்டிருந்தது.

"சர்வீசுக்கு விட்டிருக்கேன்."

"எப்ப விட்டீங்க?"

கேசவன் வேட்டி நுனியை விரலில் சுற்ற ஆரம்பித்தார். ஜமுனாவுக்கு அது பரிச்சயமானது. காலையில் ஜெஸ்ஸி முந்தானையைச் சுற்றிக்கொண்டு நின்றதும் இப்படித்தான். பயம் எல்லோருக்கும் ஒன்றுதான். பயந்தபடியே என்ன செய்தார்கள் என்பதில்தான் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறார்கள்.

ஆனால் இது போதாது. அவளுக்குத் தெரியும். கார் எந்த ஷெட்டில் இருக்கிறது என்று தேடிப் பிடிப்பதற்குள் விளக்கு மாற்றப்பட்டு, வண்ணம் பூசப்பட்டுவிடும். நல்ல வக்கீல் ஒருவர், பெரியவர் குழம்பிவிட்டார் என்று சொல்லிவிடுவார். ஜெரோமோ தானே ஓட்டியதாக எழுதிக் கொடுத்திருக்கிறான். இதை உடைக்க, அந்தச் சாலையில் நின்ற ஒருவர் பேச வேண்டும். உதவியவர் பெயர் சொல்லத் தேவையில்லை. கட்டாயப்படுத்த ஜமுனாவுக்கும் உரிமை இல்லை, மூர்த்திக்கும் இல்லை. அவள் பக்கத்து அறைக் கதவைத் திரும்பிப் பார்க்காமல் நின்றாள். பார்த்தால் அது அழைப்பாகிவிடும்.

மணி மூன்று இருபத்தைந்து.

செருப்புச் சத்தம் கேட்டது. ஜெஸ்ஸி வாசல்படி இறங்கி வந்து கேசவன் எதிரில் நின்றாள்.

"நீங்கதான் எறங்கி நின்னீங்க" என்றாள். "வெள்ளை வேட்டி. கை ரெண்டும் தலையில வெச்சிருந்தீங்க. நான் ஓடி வர்றதப் பார்த்துட்டுத்தான் கார எடுத்தீங்க." பிறகு மூர்த்தியிடம் திரும்பினாள். "வண்டிய ஓட்டினது நான் சார். எல்.எல்.ஆர். மட்டும்தான் இருக்கு. 108-க்கு அடிச்சதும் நான்தான். இந்த போன்லயே நம்பர் இருக்கும், பாருங்க."

கேசவன் அவளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே மெதுவாக வண்டியின் சக்கரத்தருகே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என் வயலுக்குத்தான் வந்துக்கிட்டு இருந்தா" என்றார். "பதினஞ்சு வருஷமா என் நடவுக்கு வர்றவ. உயிர் போயிடுச்சுன்னு நெனச்சேன். பொழைச்சுக்குவாளா?"

மூர்த்தி ஒரு கான்ஸ்டபிளைக் கூப்பிட்டு, ஷெட்டின் பெயரைக் கேசவனிடம் கேட்டுக்கொண்டு உடனே போகச் சொன்னார். பிறகு ஜெஸ்ஸியின் பக்கம் திரும்பி, "லைசென்ஸ் இல்லாம தனியா ஓட்டினதுக்குத் தனியா கேஸ் வரும்மா. அதை நான் விட முடியாது" என்றார்.

"தெரியும் சார். எங்க கையெழுத்து போடணும்?"

"கஷ்டம்தான்" என்றார் பூபதி ஜமுனாவிடம் தாழ்ந்த குரலில். "விட்டுட்டு ஓடினவருக்கு நாற்காலி, நிறுத்தினவளுக்கு ஃபைன்."

"நாற்காலி காலியாத்தான் இருக்கு, பாருங்க" என்றாள் ஜமுனா.

நான்கு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஜெரோம் வெளியே வந்தான். ஜெஸ்ஸி எழுதிக் கொடுத்த தாள் மேஜைமேல் இருப்பதைப் பார்த்தான். முகம் சிவந்தது.

"உன்ன யாரு வரச் சொன்னது? நான்தான் பார்த்துக்கிறேன்னு சொன்னேன்ல? அறிவு இருக்காடி உனக்கு?"

ஜெஸ்ஸி அவனை நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு நாளாக அடக்கி வைத்திருந்த அழுகை வரும் என்று ஜமுனா நினைத்தாள். அழுகை வரவில்லை.

"நீ ஓட்டினேன்னு ஒத்துக்கிட்டு உள்ள ஒக்காந்துட்ட" என்றாள். "அந்த வண்டி நிக்காம ஓடிப்போச்சுன்னு எழுதியிருந்தாங்க, அதுக்கும் கீழதான கையெழுத்து போட்ட? நான் நிறுத்தினேன்யா. கையெல்லாம் ரத்தம், நான் அங்கதான் ஒக்காந்திருந்தேன். நீ என்னக் காப்பாத்தறேன்னு அதையும் சேர்த்து இல்லாம பண்ணிட்ட."

ஜெரோம் சுவர் ஓரமாக நின்றுகொண்டு தன் கைகளைப் பார்த்தான்.

"வா" என்றாள் ஜெஸ்ஸி. "ஜி.எச்.சுக்கு அஞ்சு மணிக்கு பஸ் இருக்கு. நான் யாருன்னு அந்தம்மாவுக்குத் தெரியாது. கண்ணு முழிச்சா நானே சொல்லிக்கிறேன்."